கிருமிக்கு ஞாபகம் இருந்தது, எனக்குத்தான் இல்லை

எனக்கு வாய் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காகக் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் என்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒருநாள் "கத்திரிக்காய் சொத்தை" என்று சொல்லிவிட்டேன். மனிதர் தராசைக் கீழே போட்டுவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா போகணும்?" என்று கேட்டால் எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். அவர் கூட வராத நாளில் கண்டக்டராகப் பார்த்து கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். நான் நடுவில் என் இடம் வந்ததும் இறங்கிக்கொள்வேன். (இன்றுவரை ஒரு கண்டக்டரும் என்னைப் பிடித்ததில்லை.)

அப்படிப்பட்ட நான், ஒரு காலேஜ் ஹாலில், மைக்கைப் பிடித்து, இங்கிலீஷில், ஒரு பெரிய புரொபசருக்குப் பதில் சொன்னேன். அவர் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

எங்கள் பெண் பவானி பூந்தமல்லிக்கு அந்தாண்ட ஒரு காலேஜில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. "அப்போ இன்னாத்துக்கு டாக்டர்?" என்று எங்க வீட்டுக்காரரே முதல் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்து ஓட்டி ரிட்டயர் ஆனவர். கையால் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவள் வேலை, கிருமிக்கு ஞாபகசக்தி வைப்பது. "கிருமி இல்லம்மா, பாக்டீரியா" என்பாள். கிருமிக்குள்ளே ஒரு ஸ்விட்ச் செய்து வைக்கிறாள். கண்ணுக்கே தெரியாத கிருமிக்குள்ளே ஸ்விட்ச் என்றால் அது எத்தனை சின்னதாக இருக்கும், நினைத்துப் பாருங்கள். (எங்கள் வீட்டு பாத்ரூம் ஸ்விட்ச் உடைந்து வருஷம் ஆகிறது, அதை மாற்ற ஆளில்லை.) தண்ணீரில் யாராவது கழிவைக் கலந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அது கொஞ்ச நேரத்தில் ஓடிப்போய்விடும். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் பவானியின் கிருமி இருந்திருந்தால், கழிவு பட்டவுடனே ஸ்விட்ச் திரும்பி, பச்சையாக மின்ன ஆரம்பித்துவிடும். கழிவு போனபிறகும் பச்சைதான். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்று சொல்கிற மாதிரி.

இதையெல்லாம் எனக்குப் புரியவைக்கவேண்டும் என்று யாரும் மெனக்கெடவில்லை. கடைசி வாய்மொழிப் பரீட்சைக்கு முன்னால் பல வாரம், நான் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க, பவானி ஃபிரிட்ஜைப் பார்த்து நின்று பேசிப் பழகினாள். ஃபிரிட்ஜ்தான் எக்ஸ்டர்னல். வெளியூரிலிருந்து வருகிற பரீட்சைக்காரருக்கு அப்படிப் பெயர். கேள்வியும் அவளே கேட்பாள், பதிலும் அவளே சொல்வாள். "இந்த இடத்துல எக்ஸ்டர்னலைப் பார்த்து சிரிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஃபிரிட்ஜைப் பார்த்துச் சிரிப்பாள். அப்புறம் "நெக்ஸ்ட் ஸ்லைடு" என்பாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் அத்தனையும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. விளம்பரப் பாட்டு ஆகிறதில்லையா, அப்படி.

அந்தப் பரீட்சையைக் கதவைத் திறந்துவைத்து நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வந்தவர்களுக்கு டிபன் பெண் வீட்டார் பொறுப்பு. சால்வை, பூங்கொத்து எல்லாம் உண்டு. மாப்பிள்ளை ஒருத்தர்தான் குறைச்சல். ஆனால் பவானிக்கு அது விளையாட்டில்லை. ஒரு காலேஜில் வேலை கொடுத்திருந்தார்கள். டாக்டர் ஆனால்தான் சேரமுடியும். வரப்போகிற எக்ஸ்டர்னலோ, போன தடவை ஒரு பையனை "இன்னும் ஆறு மாசம் வேலை செஞ்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பினவராம். இவளையும் அனுப்பினால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். அந்த வாரம் பவானி சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. (கேட்டு எனக்குப் பழக்கம் ஏது?)

அன்றைக்கு விடியற்காலையே எழுந்து கேசரி கிண்டி, வடை சுட்டு, சட்னி அரைத்து, எவர்சில்வர் தூக்குகளில் நிரப்பி ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் ஐயப்பன்தாங்கலில் கோமளா அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம். அவளுக்கு என் பங்கு வாயையும் சேர்த்து சாமி கொடுத்துவிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் தூக்கைத் திறந்து ஒரு விரல் கேசரி எடுத்து வாயில் போட்டாள்.

"சக்கரை கம்மியா கீது."

நான் தூக்கை வாங்கி மூடினேன்.

காலேஜுக்குப் போய் இறங்கினதும் பவானி ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து வராந்தா மூலைக்கு இழுத்துப்போனாள்.

"அம்மா, ஸ்டெல்லா மாட்டிக்கிட்டா. மெட்ரோ வேலைக்குப் பூந்தமல்லிகிட்ட பள்ளம் தோண்டி வச்சிருக்காங்க, பஸ் நகரவே இல்லையாம்."

ஸ்டெல்லா அவள் சிநேகிதி, வேறு காலேஜ். பப்ளிக்கில் யாராவது கேள்வி இருக்கா என்று கேட்கும்போது, ஸ்டெல்லா எழுந்து ஒரு நல்ல கேள்வி கேட்கவேண்டும். பவானி தயாராக வைத்திருக்கிற ஸ்லைடைக் காட்டி ஜோராகப் பதில் சொல்லவேண்டும். இப்படி ஏற்பாடு. எல்லாரும் செய்வதுதானாம். ஒருத்தரும் கேட்காவிட்டால் அந்த நேரம் முழுக்க எக்ஸ்டர்னலே கேட்க ஆரம்பித்துவிடுவாராம்.

"கூடப் படிக்கிறவங்க யாரையாவது கேக்கச் சொல்லேன்" என்றேன்.

"எங்க லேப் ஆளுங்க கேட்டா கண்டுபிடிச்சிடுவார்னு கைடு மேடம் சொல்லிட்டாங்க. நீ கேளும்மா."

"நானா?"

"உனக்குத்தான் மனப்பாடமாச்சே! 'ஹவ் லாங் வில் த செல் ரிமெம்பர், மேடம்?' அவ்வளவுதான். கேட்டுட்டு உட்கார்ந்துடு."

"உங்க பெரியம்மாவைக் கேக்கச் சொல்லு."

"பெரியம்மா கைல மைக் போனா திரும்ப வாங்க முடியுமா?"

அது நியாயம். எங்க வீட்டுக்காரரைச் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வடைத் தூக்குக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார். பவானி என் கையை விடவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் இப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பாள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஹாலில் ஏசி போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது. ஹவ் லாங், ஹவ் லாங் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எக்ஸ்டர்னல் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, கண்ணாடி, சிரிப்பே இல்லை. எங்கள் ஃபிரிட்ஜ் எவ்வளவோ தேவலாம். பவானி நன்றாகத்தான் பேசினாள். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் வரிசையாக வந்தது. அவர் நடுநடுவே ஏதோ கேட்டார், அவள் சொன்னாள், அவர் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. கோமளா அக்கா என் காதில், "இன்னாடி இந்த ஆளு, கல்லு மாரி குந்திகினு கீறாரு?" என்றாள்.

கடைசியில், பவானிக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த கைடு மேடம் மைக்கில், "எனி கொஸ்டின் ஃப்ரம் த பப்ளிக்?" என்றார்.

பவானி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா விலாவில் ஒரு இடி இடித்தாள். எழுந்துவிட்டேன். ஒரு பிள்ளை ஓடிவந்து மைக்கைக் கையில் திணித்தது. அது கீச்சென்று கத்தியது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் நான் எல்லாவற்றையும் மறந்தேன். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அப்படிப் பார்த்தால் எழுந்து ஒப்பிக்கவேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே காலேஜ் அதுதான். வாய் தானாகத் திறந்தது.

"தேங்க்யூ ஃபார் த வெரி குட் கொஸ்டின்" என்றேன்.

யாரும் கேட்காத கேள்விக்கு நான் நன்றி சொல்லிவிட்டு நிற்கிறேன். அங்கேயே நிறுத்தியிருந்தாலாவது கிழவிக்கு ஏதோ மயக்கம் என்று விட்டிருப்பார்கள். நிறுத்தத் தெரிந்தால்தானே.

"த செல் டஸ் நாட் ஃபர்கெட். ஒன்ஸ் த ஸ்விட்ச் ஈஸ் டர்ன்டு, த மதர் செல் ஈஸ் க்ரீன், த டாட்டர் செல் ஈஸ் க்ரீன், டாட்டர்ஸ் டாட்டர் ஆல்சோ க்ரீன். இந்த இடத்துல எக்ஸ்டர்னலைப் பார்த்து சிரிக்கணும்."

சிரித்தேன். எக்ஸ்டர்னலைப் பார்த்துத்தான்.

"நெக்ஸ்ட் ஸ்லைடு."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளை பழக்கதோஷத்தில் பட்டனைத் தட்டிவிட்டது. திரையில் பெரிய எழுத்தோடு பச்சைப்பசேல் என்று அந்தக் கேள்விக்காகவே செய்து வைத்திருந்த படம் வந்து நின்றது. கைடு மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பவானியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க தைரியம் இல்லை.

எக்ஸ்டர்னல் மெதுவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தமிழில் கேட்டார். "அம்மா, கேள்வி கேட்டது யாரு?"

"நான்தான் சார் கேக்கணும்."

"பதில்?"

"அது பவானி சொல்லணும் சார். மாறிப்போச்சு."

பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பி முன்வரிசைக்கு வந்து மோதியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப கேள்வி பாக்கி இருக்கே. கேளுங்க."

எனக்குக் கேள்வி மறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எழுத்துகூட இல்லை. "அதுக்கு மேல எனக்குச் சொல்லிக்குடுக்கல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மைக்கை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதனால் என் பெருமூச்சு ஹால் பூராவும் கேட்டது.

எக்ஸ்டர்னல் பவானி பக்கம் திரும்பினார். "மனப்பாடம் பண்ணின பதிலை உங்க அம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே நான் கேக்கறேன். இந்த ஸ்விட்ச் எப்படி வேலை செய்யுது, எப்படி ஞாபகம் வச்சிருக்கு? அம்மாவுக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க. ஸ்லைடு வேண்டாம். இது புரிஞ்சு செஞ்ச வேலையான்னு எனக்குத் தெரியணும்."

திரையை அணைத்துவிட்டார்கள். பவானி ஆரம்பித்தாள். "அது வந்து... ரெண்டு ஜீன்... ஒண்ணோட புரொமோட்டரை..." என்று இழுத்தாள். நின்றுவிட்டாள். இத்தனை வருஷப் படிப்பையும் நான் ஒரு நிமிஷத்தில் சாய்த்துவிட்டேனே என்று கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் கோமளா அக்கா, "நான் கேட்டிருந்தா இந்த மாரி ஆயிருக்குமாடி? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தே?" என்று விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

பவானி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இறுகியிருந்த அவள் தோள் தளர்ந்தது.

"அம்மா, நம்ம பழைய வீட்ல ஒரே அடுப்பு இருந்துச்சில்ல? நீயும் பெரியம்மாவும் ஒரே வீட்ல இருந்தப்போ?"

தலையாட்டினேன்.

"ஒரு செல்லுக்குள்ள ரெண்டு மரபணு வைக்கிறேன். ஒண்ணு நீ, ஒண்ணு பெரியம்மா. பெரியம்மா அடுப்புகிட்ட நின்னா நீ உள்ளயே வரமாட்ட. நீ நின்னா அவங்க வரமாட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடக்கி வைக்கறீங்க. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கவே முடியாது. எப்பவும் யாராவது ஒருத்தர் கைதான் மேல."

கோமளா அக்கா எழுந்துவிட்டாள். "இன்னா சார் இது? நான் எப்ப சார் இவளை அடக்கினேன்? சொல்லுடி நீயே!"

"அது வந்து அக்கா..."

"நீ சும்மா இருடி, நான் பேசிகினு கீறேன்ல!"

என் மடியில் இருந்த மைக் எல்லாவற்றையும் ஹாலுக்கு எடுத்துச் சொன்னது.

"நல்லாப் புரியுது" என்றார் எக்ஸ்டர்னல். மீசை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. "முதல்ல யார் கை?"

"பெரியம்மா கை சார்" என்றாள் பவானி. இப்போது அவள் குரலில் நடுக்கம் இல்லை.

"அது எப்படி மாறிச்சு?"

"பெரியம்மா பிரசவத்துக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போனாங்க. அதான் சார் லேப்ல கழிவுக்குப் பதிலா நான் போடற மருந்து. அது ஒரு பக்கத்தோட கையைக் கட்டிப்போடும். தடுக்க ஆள் இல்லைன்னதும் எங்க அம்மா அடுப்புக்கு வந்துட்டாங்க. அம்மா வந்தா பச்சை."

"அவங்க குழந்தையோட திரும்பி வந்தாங்கல்ல?"

"வந்தாங்க. ஆனா அடுப்பு அம்மாகிட்டயே நின்னுடுச்சு. இப்போ அம்மா நிக்கறதால பெரியம்மா வரல. மருந்தை எடுத்துட்டாலும் ஸ்விட்ச் திரும்பாது சார். அதுதான் ஞாபகம்."

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "செல் ரெண்டாப் பிரிஞ்சா?"

"நான் அதுக்கப்புறம் பொறந்தவ சார். பெரியம்மா ஊருக்குப் போனதை நான் பாக்கல. ஆனா நாங்க எல்லாப் பிள்ளைங்களும் அம்மா குழம்பு சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். நடந்ததை நாங்க பாக்கல, ஆனா அது எங்ககிட்ட இருக்கு. டாட்டர் செல்லும் அப்படித்தான். மருந்தை அது கண்ணால பாத்ததே கிடையாது. இருந்தாலும் பச்சை."

"சரி, இந்த ஞாபகத்தை அழிக்கணும்னா?"

"சூடு சார். நாற்பத்திரண்டு டிகிரி காட்டினா பழையபடி பெரியம்மா பக்கம் திரும்பிடும்."

"உங்க வீட்ல?"

பவானி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவுக்கு டைஃபாய்டு வந்துச்சு சார்."

"டாக்டர்தான் சார் அவளைப் படுக்கச் சொன்னாரு!" என்று அக்கா கத்தினாள். "நான் இன்னா அடுப்பைப் புடுங்கிகினேனா?"

"காய்ச்சல் விட்டதும் திருப்பிக் குடுத்தீங்களாம்மா?" என்று அவர் கேட்டார்.

அக்கா முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தாள். எக்ஸ்டர்னலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். கைடு மேடமும் சிரித்தார். எங்க வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று, "அப்பறம்தான் சார் தனிக்குடித்தனம் வந்தோம்" என்று விவரம் சேர்த்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. ஸ்டெல்லா. பூந்தமல்லிப் புழுதியெல்லாம் தலையில், செருப்பு கையில், மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாள். நேரம் தப்பிவிட்டதோ என்ற பயத்தில் கையை உயரத் தூக்கினாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ சார்! ஐ ஹேவ் எ கொஸ்டின்! ஹவ் லாங் வில் த செல் ரிமெம்பர், மேடம்?"

ஹால் மொத்தமும், எக்ஸ்டர்னல் உட்பட, ஒரே குரலில் "தேங்க்யூ ஃபார் த வெரி குட் கொஸ்டின்!" என்று கத்தியது. பாவம் அந்தப் பெண், செருப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

எக்ஸ்டர்னலும் கைடு மேடமும் கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. வெளியே வந்து எக்ஸ்டர்னல் மைக்கைத் தேடினார். அது என்னிடம்தான் இருந்தது. நானே எழுந்துபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "டாக்டர் பவானி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. பவானி வந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ சொதப்பலைன்னா நான் ஃபிரிட்ஜுக்குச் சொன்னதையே சொல்லியிருப்பேன்" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். எக்ஸ்டர்னல் இரண்டாம் தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அவராகவே சொன்னார். நான் அக்காவைப் பார்க்கவில்லை. (பார்த்தேன்.)

இப்போது பவானி காலேஜில் பாடம் எடுக்கிறாள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பரீட்சை இன்னும் முடியவில்லை. எங்க வீட்டுக்காரர், "ரசத்துல உப்பு போட்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் அவரே "தேங்க்யூ ஃபார் த வெரி குட் கொஸ்டின்" என்று சொல்லிக்கொள்வார். யாராவது அவசரப்பட்டுப் பேசினால் "நெக்ஸ்ட் ஸ்லைடு" என்பார்கள். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து, "நீங்கதானே அந்தம்மா?" என்கிறார்கள். முன்னே மாதிரி இருந்தால் பந்தியை விட்டே ஓடியிருப்பேன். இப்போது, "ஆமா, நான்தான்" என்கிறேன்.

போன பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கோமளா அக்கா வழக்கம்போல, "நீ சும்மா இருடி, உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தேங்க்யூ ஃபார் த வெரி குட் கொஸ்டின், அக்கா" என்றேன். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தேன். அக்கா வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் திரும்பின ஸ்விட்ச் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.